பதினான்கு வீடுகள் கேட்ட பதில்

ரெய்க்யாவிக்,
14 செப்டம்பர் 1988

குட்னி அவர்களுக்கு,

உங்களுக்கும் மேலார் பண்ணையில் உள்ள அனைவருக்கும் நலம் விழைகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. என் கணவர் எக்கெர்ட்டின் சாம்பல் கலசத்தை நான் வரவேற்பறைப் பியானோமேல் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் அதற்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவதாக உங்கள் பள்ளத்தாக்கில் பேசிக்கொள்கிறார்களாம். என் பல் மருத்துவரின் மனைவி உங்கள் பக்கத்துக்காரர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. கலசத்தை வீட்டில் வைத்துக்கொள்ள இந்த நாட்டில் சட்டம் இடம் தருவதில்லை. மேலும், என்னிடம் பியானோ இல்லை. பான் நகரத் தூதரகத்திலிருந்து திரும்பியபோதே விற்றுவிட்டோம். உங்கள் தம்பி கல்லறை அலுவலகத்தின் அலமாரியில், எண்ணிட்ட அட்டையுடன் இருக்கிறார். தயவுசெய்து இதைக் கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

அவர் அங்கேயே இருந்துவிட முடியாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜூன் மாதம் அவர் இறந்த பிறகு மேசை இழுப்பறையில் ஒரு தாள் கிடைத்தது. அதில் ஒரே ஒரு வரி: "மேலாரில், அம்மா பக்கத்தில்." தேதி, கையெழுத்து, எல்லாம் முறைப்படி இருந்தன. மேலார்க் கோயில் கல்லறைத் தோட்டத்தில் உங்கள் தாயாருக்குப் பக்கத்தில் உள்ள இடம் உங்கள் பெயரில் இருப்பதாகப் போதகர் எழுதியிருக்கிறார். உங்கள் சம்மதம் இல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய இயலாதாம். ஒரு கலசத்துக்கு அதிக இடம் தேவைப்படாது.

அவரது இறுதி ஆராதனை நாளன்று செய்தித்தாளில் பதினொரு பேர் அவருக்கு அஞ்சலி எழுதியிருந்தார்கள். சகோதரியின் பெயர் இல்லை. இங்கே பலரும் அதைக் கவனித்தார்கள். நான் காரணம் கேட்கவில்லை.

என் கண்ணில் புரை, வலதில் மட்டும். மற்றபடி நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

மரியாதையுடன்,
வால்போர்க்


மேலார்,
16 அக்டோபர் 1988

வால்போர்க்,

கடவுள் காக்கட்டும். உன் கடிதம் வந்தபோது மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் வாரம். பிறகு கறி வெட்டும் வேலை. இன்றுதான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். மூட்டு அப்படியேதான் இருக்கிறது.

யாருக்கும் 'நீங்கள்' போடும் வழக்கத்தை இந்த நாடே விட்டுவிட்டது. நீ விடவில்லை. இருக்கட்டும்.

என் தம்பி இறந்ததை நான் வானொலியில் கேட்டேன். மதியச் செய்திக்கு முன் மரண அறிவிப்புகள் வாசிப்பார்களே, அதில். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நீ எழுதிய கடிதம் நாலு நாள் கழித்து வந்தது. அதனால்தான் செய்தித்தாளில் நான் எழுதவில்லை என்று நினைக்காதே. வேறு காரணம்.

அம்மாவுக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவில் ஒரு இடம்தான். அம்மா சாகக் கிடந்தபோது வரச் சொன்னோம். வர முடியாது என்று சொன்னான். முடியாது என்றவனை இப்போது எதற்குக் கொண்டுவந்து படுக்கவைக்க வேண்டும்? அங்கேயே, நீ இருக்கும் ஊரிலேயே, நல்ல இடம் வாங்கிக் கொடு. உங்களுக்கு நல்ல இடங்கள் கிடைக்கும்.

கண்ணைப் பார்த்துக்கொள்.

குட்னி


ரெய்க்யாவிக்,
2 நவம்பர் 1988

குட்னி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். கறி வேலை முடிந்து ஓய்வு கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

வானொலி விஷயத்தில் குற்றம் என்னுடையது. தொலைபேசியில் கூப்பிட்டிருக்க வேண்டும். துணியவில்லை.

உங்கள் தம்பியின் வாழ்க்கையை நீங்கள் அதிகம் அறியவில்லை. அவர் பணியில் சேர்ந்தபோது நம் குடியரசுக்கு வயது இரண்டு. வெளியுறவுப் பணியாளர்கள் அத்தனை பேரும் ஒரே பேருந்தில் ஏறிவிடுவார்கள். மற்ற நாட்டுத் தூதரகங்களில் எழுபது பேர் செய்ததை எங்களிடம் மூன்று பேர் செய்தார்கள்: தூதர், செயலாளராக எக்கெர்ட், ஒரு தட்டச்சுப் பெண். கொடியை எக்கெர்ட் ஏற்றினார். மின்விளக்கை எக்கெர்ட் மாற்றினார். நாற்பது பேருக்கு விருந்து என்றால் நான் சமைத்து, உடை மாற்றிக்கொண்டு, விருந்தாளிகளை வாசலில் வரவேற்றேன். ஒருமுறை பெல்ஜியத் தூதரின் மனைவி, "உங்க சமையல்காரியை எங்களுக்கு ரெண்டு நாள் கடன் தர்றீங்களா?" என்று கேட்டார். "அவ ரொம்பத் திமிர் பிடிச்சவ, வேற வீட்டுக்கு வரமாட்டா" என்றேன். அது பொய் அல்ல.

உங்கள் தாயார் படுத்திருந்த 1959 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் அவர் நடத்தியது ஹெர்ரிங் மீன் விற்பனைப் பேச்சுவார்த்தை. அந்த ஆண்டு மீனை ஸ்வீடன்காரர்கள் வாங்காவிட்டால் வடக்கே உப்பிட்டு அடுக்கிய பீப்பாய்கள் அத்தனையும் அழுகியிருக்கும். உங்கள் துறைமுகத்தில் மட்டும் ஆறாயிரம் பீப்பாய்கள் நின்றன. உங்கள் பள்ளத்தாக்குப் பெண்கள் பனிக்காற்றில் நின்று உப்பிட்டவை அவை. ஆகவே அவர் தன் விருப்பப்படி எழுந்து வந்துவிடும் நிலையில் இல்லை. ஒரு நாட்டின் வாயாக இருப்பவர் பாதி வாக்கியத்தில் எழுந்து போக முடியாது.

இன்னொன்று கேட்க வேண்டும். வர முடியாது என்று அவரே உங்களிடம் நேரில் சொன்னாரா?

அன்புடன்,
வால்போர்க்


மேலார்,
6 டிசம்பர் 1988

வால்போர்க்,

உனக்கு ஆசிகள். இங்கே பனி மூடிவிட்டது. பால் வண்டி மூன்று நாளாக வரவில்லை. அதனால் கடிதமும் போகாது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கேட்டாய், சொல்கிறேன். அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் ஸ்டாக்ஹோமுக்கு அழைப்புப் பதிந்து உன்னிடம் பேசினேன். அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, எக்கெர்ட்டை அனுப்பு என்றேன். சொல்கிறேன் என்றாய். மறுபடி மதியம் கூப்பிட்டேன். அப்போதெல்லாம் எங்கள் பள்ளத்தாக்கில் பதினான்கு வீட்டுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. யாருக்கு மணி அடித்தாலும் எல்லா வீட்டிலும் அடிக்கும், எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள். அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. குளிர்காலத்தில் வேறு என்ன இருக்கிறது? ஆனால் நிறையப் பேர் எடுத்தால் குரல் தேய்ந்துவிடும். தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த தூரித் நடுவில் புகுந்து கத்தினாள்: "எல்லாரும் வைங்க! பாவம், ஸ்வீடன்லேர்ந்து வர்ற குரல், நீங்களே குடிச்சுத் தீர்த்துடாதீங்க!" டக் டக் என்று ரெண்டு பேர் வைத்தார்கள். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

நீ சொன்னது எனக்கு மனப்பாடம். "அவர்கிட்ட சொல்லிட்டேன். வேலை முடியாம வர முடியாதுன்னுட்டார்."

பதினான்கு வீடும் கேட்டது.

பத்து நாள் கழித்து அடக்கத்துக்கு வந்தான். தனியாக, நல்ல கோட்டில். கோயில் வாசலில் ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. பக்கத்துப் பண்ணை அஸ்கெல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னப்பா, ஹெர்ரிங் மீனையெல்லாம் நல்லபடியா அடக்கம் பண்ணிட்டியா? இப்பத்தான் அம்மா முறையா?" என்றான். நான்தான் கேட்டேன், எல்லோர் முன்னாலும். "நீ அப்படிச் சொன்னியா, எக்கெர்ட்?" அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். "சொன்னேன், குட்னி" என்றான்.

நேரில் சொன்னானா என்று கேட்டாயே. நேரில்தான் சொன்னான்.

பிறகு அவன் இந்தப் பக்கம் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வேண்டியது உனக்குக் கிடைக்கட்டும்.

குட்னி


ரெய்க்யாவிக்,
17 டிசம்பர் 1988

குட்னி அவர்களுக்கு,

இந்தத் திருநாள் காலம் உங்கள் வீட்டுக்கு அமைதி தரட்டும். தனியே ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்: ஆரஞ்சுகள், பாதாம் இனிப்பு, ஒரு கம்பளிக் கழுத்துத்துணி. கழுத்துத்துணியை நானே பின்னினேன். வலக்கண் காரணமாக ஓரிரு பின்னல் தவறியிருக்கும், மன்னிக்கவும்.

தொலைபேசியில் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் நகரத்தில் பிறந்தவள். அந்த டக் டக் சத்தத்தைக் கடலடிக் கம்பியின் சத்தம் என்று நினைத்தேன். அந்தப் பதினான்கு வீட்டில் யார் யார்? இன்னும் இருக்கிறார்களா?

வால்போர்க்


மேலார்,
20 ஜனவரி 1989

வால்போர்க்,

ஆரஞ்சுகளுக்கு நன்றி. பாதி உறைந்திருந்தது, ஆனாலும் தின்றோம். கழுத்துத்துணியில் பின்னல் எதுவும் தவறவில்லை. நீ எதையும் தவறவிடுகிறவள் அல்ல.

உன் கடிதத்தை மாட்டுத் தொழுவத்துக்கு எடுத்துப்போய் மறுபடி படித்தேன். நான் ஒரு பக்கம் எழுதினேன்: எங்கள் அம்மா, தம்பி, அவன் சொன்ன பதில். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய், யார் யார் கேட்டார்கள் என்று.

நான் நாலு வருடம் பண்ணை பண்ணையாக வந்து சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரிடம் படித்தவள். நீ கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். இருந்தாலும் எனக்கு ஒன்று தெரியும். நேர்மையாகப் பேசினவளுக்கு எத்தனை பேர் கேட்டால் என்ன?

நான் இழுத்துப் பேச விரும்பவில்லை. உன்னிடம் சொல்வதற்கு ஏதாவது இருந்தால் சொல். இல்லாவிட்டால் அந்த இடத்தைப் பற்றி இனி எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குட்னி


ரெய்க்யாவிக்,
12 பிப்ரவரி 1989

குட்னி அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் சுமார்.

உங்கள் கடிதத்துக்கு மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றும் நன்றாகவே இருந்தன. நன்றாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.

கல்லறை அலுவலகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. கலசத்தை இந்தக் கோடைக்குள் எங்காவது வைத்தாக வேண்டும். இங்கே ஃபோஸ்வோகூர் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கான இடம் ஏற்கனவே எங்கள் பெயரில் இருக்கிறது.

பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்போர்க்


அகுரேரி மருத்துவமனை,
5 மார்ச் 1989

வால்போர்க்,

தொழுவத்துப் பனியில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டேன். தாதி எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம், நானே எழுதுகிறேன். கோணலாக இருந்தால் படுத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

எழுபத்தெட்டு வயதில் எலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லாமல் புன்னகைக்கிறார். நான் போனால் அந்த இடத்தில் என்னைப் படுக்கவைத்து மூடிவிடுவார்கள். அதன் பிறகு அதைத் திறந்து கலசம் வைக்கச் சம்மதம் சொல்ல ஆள் இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை, உனக்குத் தெரியும்.

பொறுத்துக்கொள் என்கிறாய். எவ்வளவு நாள் என்று என்னால் சொல்ல முடியாது. அதைத் தெரிவிக்கத்தான் எழுதினேன்.

குட்னி


ரெய்க்யாவிக்,
11 மார்ச் 1989

குட்னி அவர்களுக்கு,

உங்கள் எலும்பு நேராகக் கூடட்டும். என் உடல்நலத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை.

எக்கெர்ட் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. நான் சொன்னேன். உங்கள் தாயாருக்கு உடல்நிலை மோசம் என்பதே அவருக்குத் தெரியாது.

அந்த மாதம் எங்கள் தூதர் நோயுற்றுச் சிகிச்சையில் இருந்தார். பேச்சுவார்த்தை முழுவதும் எக்கெர்ட்டின் பொறுப்பில் வந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து. காலையில் உங்கள் அழைப்பு வந்தபோது அவர் நான்கு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் ஸ்வீடன்காரர்களுடன் உட்கார்ந்திருந்தார். நடந்தால் எட்டு நிமிடம். கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெரு முனையில் நின்றேன். அவரிடம் சொன்னால் அவர் புதன்கிழமை விமானத்தில் ஏறிவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார். ரெய்க்யாவிக்கிலிருந்து வேறொருவர் வந்து கையெழுத்துப் போடுவார். அடுத்து காலியாகும் தூதர் பதவி அந்த வேறொருவருக்குப் போகும்.

நவம்பரில் உங்களுக்குப் பீப்பாய்களைப் பற்றி எழுதினேன். அன்று அந்தத் தெரு முனையில் எனக்குப் பீப்பாய்கள் நினைவுக்கு வரவே இல்லை. அவை நான் பிற்பாடு தேடி எடுத்துக்கொண்ட காரணம். என் தந்தை துறைமுகக் கிடங்கில் மூட்டை எடை போட்டவர். பள்ளியில் மற்றப் பெண்களின் பழைய சீருடையை நான் அணிந்தேன். தூதரின் மனைவி என்று விருந்து வாசலில் என்னை ஒருவர் அறிவிக்கும் நாளுக்காகப் பன்னிரண்டு வருடம் நாற்பது நாற்பது பேருக்குச் சமைத்திருந்தேன். அதைத்தான் நினைத்தேன்.

உங்கள் முதல் அழைப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. தையற்காரியிடம் போனேன். வெள்ளிக்கிழமை விருந்துக்கான கருநீலப் பட்டு உடையில் கை நீளம் குறைக்க வேண்டியிருந்தது. உங்கள் தாயார் வெள்ளி வரை தாங்குவார் என்று முடிவு செய்துகொண்டேன். தையற்காரி ஊசி குத்தும்போது அசையாமல் நின்றேன்.

திரும்பி வந்ததும் உங்கள் அழைப்பு. சொன்னேன்.

வெள்ளி மாலை கையெழுத்தானது. சனிக்கிழமை உங்கள் தந்தி வந்தது. அதை அவரிடம் கொடுத்தேன். ஞாயிறு காலை உணவின்போது கேட்டார்: "அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு முன்னாடி ஒரு வார்த்தைகூட வரலையா?" பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"என் பேர்ல என்ன சொன்னே? அப்படியே சொல்லு."

சொன்னேன். வார்த்தை மாறாமல்.

"சரி. அப்ப நான் அப்படித்தான் சொன்னேன்."

"நான் குட்னிக்கு எழுதிடறேன், எக்கெர்ட். நான்தான்னு எழுதிடறேன்."

"வேண்டாம். என் பேர்ல போன வார்த்தை என்னுது. நீ அதுல கை வைக்காதே."

அவர்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தன் அலுவலகத்திலிருந்து தன் பெயரில் ஒரு சொல் வெளியே போய்விட்டால், அனுப்பியவன் எழுத்தராக இருந்தாலும், தவறாகவே இருந்தாலும், தூதர் அதன் பின்னால் நிற்பார். எழுத்தரைக் கைகாட்ட மாட்டார். அந்த வழக்கத்தை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். அடக்கத்துக்குத் தனியாகப் போனார், ஏனென்றால் அந்த வாரம் மீன் வாங்குபவர்களுக்கு நன்றி விருந்து இருந்தது, நான் அதை நடத்தினேன். திரும்பி வந்தவர் "எல்லாம் முறையா முடிஞ்சுது" என்றார். கோயில் வாசலில் நடந்ததை உங்கள் டிசம்பர் கடிதத்தில்தான் முதன்முதலாக அறிந்தேன்.

இரண்டு வருடத்தில் தூதரானார். என்னை அறிவித்தார்கள். எல்லாம் நான் எதிர்பார்த்த மாதிரியே இருந்தது.

நான் கத்தோலிக்கர் அல்ல. பள்ளியில் மற்றப் பெண்கள் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது லூத்தரன் பிள்ளைகள் நாங்கள் வெளியே பெஞ்சில் காத்திருப்போம். அவர்கள் ஐந்து நிமிடத்தில் கன்னம் சிவக்க வெளியே வந்து தின்பண்டம் கேட்பார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். இப்போது நான் அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்கவில்லை. நீங்கள் உங்கள் தம்பியின்மீது தவறான கோபம் கொண்டிருந்தீர்கள். அந்தக் கோபத்துக்குரிய ஆள் நான்.

வால்போர்க்


மேலார்,
2 மே 1989

வால்போர்க்,

வீட்டுக்கு வந்துவிட்டேன். தடி ஊன்றி நடக்கிறேன். குட்டி போடும் காலம். உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லோரையும் ஏவுகிறேன்.

ஏழு வாரம் எழுதவில்லை. எழுதியிருந்தால் உனக்குப் படிக்கப் பிடித்திருக்காது.

நீ சொல்லாத ஒன்று இருந்தது. நான் சொல்லாததும் ஒன்று இருக்கிறது. அம்மா வியாழன் முழுதும் வாசல் பக்கமே பார்த்துக் கிடந்தாள். "வண்டிச் சத்தம் கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வழியில் இருக்கிறான், பனியில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். எந்த மகளும் சொல்லியிருப்பாள். எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரத்தில், "அவன் வரமாட்டான், வேலை இருக்காம்" என்று சொன்னேன். "அப்படியா, வேலை இருக்கும்" என்றாள். பிறகு கேட்கவில்லை. மறுநாள் போய்விட்டாள். உன் பதிலை அவள் படுக்கை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அது பொய் என்று தெரிந்த பிறகு அது இன்னும் கனக்கிறது.

அவனையும் எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டேன். தனியாக வைத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ.

அன்று கேட்டவர்களில் ஆறு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இருபத்தொன்பது வருடமாக அவர்கள் என் தம்பியைப் பற்றிச் சொல்லும் கதை ஒன்றுதான். எனக்கு எழுதியது எனக்கு. அவர்களுக்கு நீ வாயால் சொல்ல வேண்டும். ஜூன் கடைசி ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு, கோயில் கூடத்தில்.

இடத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன்.

குட்னி


ரெய்க்யாவிக்,
3 ஜூலை 1989

குட்னி அவர்களுக்கு,

தடியில்லாமல் மூன்று எட்டு நடந்ததைப் பார்த்தேன். மகிழ்ச்சி. படிகளில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

நான் வந்தது, சொன்னது எல்லாம் நீங்கள் அறிந்ததே. ஆனால் பாதியில் நீங்கள் எழுந்து போய்விட்டதால், பிறகு நடந்ததை எழுதுவது என் கடமை.

ஆறு பேருக்கும் நின்றுகொண்டே சொன்னேன். தெரு முனை, தையற்காரி, எதையும் விடவில்லை. நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனீர்கள். பிறகு அஸ்கெல், "இத்தனை வருஷம் அந்த மனுஷனுக்கு நான் கை கொடுக்கல. இப்ப யாருக்குப் போய்க் கை கொடுக்கறது? சொல்லுங்கம்மா, யாருக்கு?" என்றார். ஆறு பேரில் ஒருவரான ஹால்பேரா என்ற பெண்மணி குறுக்கிட்டார்.

"அவளை ஏன் கேக்கறே? அன்னிக்கு உன்னை யாரு அந்த ரிசீவரை எடுக்கச் சொன்னா?"

"நான் வானிலை கேக்க எடுத்தேன்."

"காலையிலயும் வானிலை, மதியமும் வானிலையா? உன் மூச்சுச் சத்தம் எங்க வீட்டுக்கு வந்துது. சளி பிடிச்சிருந்துது உனக்கு."

யாரோ சிரித்தார்கள். இணைப்பகத்து தூரித் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இப்போது எண்பத்தாறாம். "எல்லாரையும் வைக்கச் சொன்னேன்" என்றார். "நான் வைக்கல. அன்னிக்கு ராத்திரிக்குள்ள மூணு ஊருக்குச் சொல்லிட்டேன்." அஸ்கெல் தொப்பியை எடுத்துக்கொண்டு என்னிடம் விடைபெறாமல் போனார். அது அவர் உரிமை. ஹால்பேரா என்னைப் பேருந்து வரை கொண்டுவந்து விட்டார்.

இனி என் விஷயம்.

நான் பேசத் தொடங்குவதற்கு முன் நீங்கள் எல்லோருக்கும் காப்பி ஊற்றினீர்கள். என் கோப்பையிலும் ஊற்றினீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பேருந்தில் திரும்பிய எட்டு மணி நேரமும் அதைத்தான் யோசித்தேன். அதைச் சம்மதம் என்று கொள்ளலாமா என்று. பிறகு, வாசலுக்கு வராமல் பின்கதவால் போனதை மறுப்பு என்று கொள்ளலாமா என்று. இரண்டுக்கும் என்னால் நல்ல வாதங்கள் கட்ட முடிந்தது. நாற்பது வருடம் ஒரு தூதருடன் வாழ்ந்தவளுக்கு அது கடினமல்ல.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். நீங்கள் இல்லை என்று சொன்னால் எக்கெர்ட் ஃபோஸ்வோகூரில் என் பக்கத்தில் இருப்பார். நானும் ஒரு நாள் அங்கே போவேன். நீங்கள் உண்டு என்று சொன்னால் அவர் உங்கள் தாயாரிடம் போவார். அங்கே எனக்கு இடமில்லை, நான் கேட்கவும் மாட்டேன். அதாவது உங்கள் மறுப்பில் எனக்கு ஆதாயம் இருக்கிறது. பதில் வராவிட்டால், "குட்னி முடியாது என்றுவிட்டார்" என்று கல்லறை அலுவலகத்தில் சொல்லிவிடுவது எனக்கு மிக எளிது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இப்படி ஒரு வாக்கியத்தை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே உங்கள் சார்பாக நான் எதையும் ஊகிக்கப்போவதில்லை. அலுவலகம் ஆகஸ்ட் இறுதி வரை நேரம் தந்திருக்கிறது. எக்கெர்ட்டுக்கு அம்மா பக்கத்தில் இடம் உண்டா, இல்லையா என்பதை உங்கள் கையால் எழுதி, கையெழுத்திட்டு, எனக்கு அனுப்புங்கள். ஒரு வரி போதும்.

வால்போர்க்